முன்னால் போன சைக்கிள்

"அது ஆரு புள்ள, உன்னோட வந்திருக்கிறது?" என்று கேட்டாள் தேநீர்க்கடை அன்னப்பூரணி.

"வேலன் அண்ணன். நாவலடி ஆளாம்" என்றாள் கலாஜினி.

அன்னப்பூரணி கோப்பையைக் கீழே வைத்தாள். தூரத்தில் மருத மரத்தடியில் சைக்கிளோடு நின்ற மனிதனைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"என்ன கதைக்கிறாய்? நான் பிறந்த ஊர்தானே நாவலடி. வேலன், அவன்ட பொஞ்சாதி, புள்ள, மூண்டு பேரையும் கடல் கொண்டுபோய் ஆறு வருசமாகப் போகுது. முப்பத்தொண்டாம் நாள் காரியமும் செஞ்சு முடிச்சாச்சுகா!"

கலாஜினி மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். இப்படியே திரும்பிப் போய்விடலாம்தான். போய் என்ன செய்வது? மேயப்போன மாட்டைச் சாய்த்துக்கொண்டு வருகிறேன் என்று குடும்பிமலைப் பக்கம் சைக்கிளில் போன அவள் கணவன் கேதீசன் திரும்பி வராமல் மூன்று வருடம். இருக்கிறானா, இல்லையா? நெற்றியில் பொட்டு வைப்பதா, அழிப்பதா? சண்டை முடிந்து ஒரு வருடமாகியும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. முந்தாநாள் இந்த வேலன்தான் பழுகாமத்துக்குத் தேடி வந்து, "கேதீசன்ட சைக்கிள் கிடக்கிற இடம் எனக்குத் தெரியும். வந்தாக் காட்டுறன்" என்றான். பேயோ மனிதனோ, பதில் அவனிடம்தான் இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அவள் தன் சைக்கிளில் ஏறினாள்.

முந்தனையாற்றின் கரையோடு பாதை வளைந்து போனது. ஒரு மைல் போனதும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. வேலன் காலை ஊன்றி நின்றான்.

"இனி என்ட சில்லுத் தடத்துக்கு மேலதான் உங்கட சில்லும் வரணும், தங்கச்சி. ஒரு விரல் விலகக் கூடா."

"மிதிவெடி எடுக்கிற ஆக்கள் இஞ்சால வந்துட்டாங்களா அண்ணன்?"

"இன்னும் வரல்ல."

அவன் பெடலை மிதித்தான். அவன் முன்னால், அவள் பின்னால்.

பாதையின் அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு பக்கம் வற்றிய ஆற்றின் வெண்மணல். மறுபக்கம் ராசா காலத்துக் கல்தூண்கள். நேரெதிரே உச்சிக் குடும்பி முடிந்த தலையாகக் குடும்பிமலை. ஆனால் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. வேறு ஒரு மனிதத் தடமும் இல்லை.

வேலன் நேரே போகவில்லை. ஒரு கல்தூணுக்கு இடப்பக்கமாக வளைந்தான். "ஒண்டு" என்றான் வாய்க்குள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பாலை மரத்தைச் சுற்றிக் கிறுகினான். "ரெண்டு."

தரையை அவன் பார்க்கவே இல்லை. இருட்டில் தன் வீட்டுக்குள் நடப்பவனைப்போல் போய்க்கொண்டிருந்தான். எதை எண்ணுகிறான்? இப்படி இங்கே கூட்டிக்கொண்டு வந்த ஆட்களையா? கலாஜினிக்குக் கைப்பிடி வியர்வையில் வழுக்கியது.

பேய்க்கு நிழல் விழாது என்று சொல்வார்கள். குனிந்து பார்த்தாள். நிழலைக் காணவில்லை! உச்சிப் பொழுதில் யாருக்குத்தான் நிழல் விழும் என்பது அந்த நேரத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"அண்ணன், கொஞ்சம் தண்ணி குடிங்களன்" என்று போத்தலை நீட்டினாள். குடித்தால் மனிதன் என்று ஒரு கணக்கு.

"வேணாம். உங்கட கையால நான் குடிக்கக் கூடா" என்றான் அவன். உதடு வெடித்துக் கிடந்தது.

கண்ணகை அம்மாளே, காப்பாத்து! இனித் திரும்பவும் வழியில்லை. பின்னால் பார்த்தால் சில்லு விலகிவிடும். அவள் அவனுடைய தடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று, நாலு, ஐந்து.

"ஆறு" என்று சொல்லி வளைந்தவன், சற்றுத் தள்ளி இறங்கினான்.

"இதுதான், தங்கச்சி."

வெடி தோண்டிய முழங்காலளவு குழி. கொவ்வைக்கொடி மூடியிருந்தது. கொடிக்குள் நெளிந்த சைக்கிள் ஒன்று. மட்காட் தகரத்தில் வெள்ளைப் பெயின்ட் எழுத்து மங்காமல் இருந்தது: கேதீசன், பழுகாமம். அவள்தான் எழுதிக் கொடுத்தது.

கலாஜினி குழிக்குள் விழுந்து வாய்விட்டுக் கத்தினாள். மூன்று வருட அழுகை அத்தனையும் வந்தது. அழுது ஓய்ந்தபின் பொட்டைத் தன் கையாலேயே அழித்தாள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் கரைக்க ஒரு பிடி மண் எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். பதில் கிடைத்துவிட்டது. அதற்குமேல் பயப்பட அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை.

"அண்ணன், கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. நீங்க உசிரோட உள்ள மனிசன்தானா?"

"ஓம் தங்கச்சி. கடல் வந்த அண்டைக்கு நான் நாவலடியில இருக்கல்ல. அதுக்கு முதலே ஊர விட்டுட்டு இந்தக் காட்டுக்கு வந்துட்டன். பொஞ்சாதியையும் புள்ளயையும்தான் கடல் கொண்டுபோச்சு. ஊரில என்னையும் சேத்து முடிச்சிட்டாங்க."

கலாஜினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"தெய்வமா வந்தீங்க அண்ணன். வெடி எடுக்கிற ஆக்களே வரப் பயப்படுற பாதை. ஆர் உங்களுக்கு இவ்வளவு துப்பரவாக் காட்டித் தந்தது?"

வேலன் அவளுடைய கும்பிட்ட கையைப் பார்க்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒருத்தரும் காட்டித் தரல்ல, தங்கச்சி. இந்தப் பாதையில நான் புதைச்சது ஏழு. ஆறு இன்னும் அப்பிடியே கிடக்கு."