கட்டில் போட முடியாத அறை

"இந்த முனையக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா."

நகராட்சியிலிருந்து அளக்க வந்தவர் நாடாவை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

போன வருடம் இதே மூலையில் இப்படித்தான் என் கணவன் நெவிலுக்காகப் பிடித்திருந்தேன். நாடா இறுகும்போது அவன் பக்கத்திலிருந்து ஒரு சின்ன இழுப்பு வரும். வேண்டுமென்றே இழுப்பான்.

வந்தவர் பெயர் ஓல்ட்ராய்ட். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இங்கிலாந்தின் ஹல் நகரத்து மார்ச் மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். கனத்த கோட்டைக் கழற்றி, அந்தச் சின்ன அறையின் சுவரில் இருந்த பித்தளைக் கொக்கியில் மாட்டினார்.

அங்கே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நகராட்சியின் பதிவேட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு படுக்கையறை. கணவன் மனைவிக்கு ஒன்று போதும், மற்றது உபரி என்று சொல்லி, வாடகைக்கு வரும் உதவித்தொகையில் வாரம் பதினோரு பவுண்டு பிடிக்கத் தொடங்கினார்கள். நெவில் நுரையீரல் கெட்டு வேலையை விட்டிருந்த நேரம்.

காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற, சின்ன வீடு போன்ற கேரவன்கள் செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. உள்ளே கட்டில் பொருத்துவது. அவனே உட்கார்ந்து மனு எழுதினான்.

'முப்பத்தொரு வருடம் கேரவன்களில் கட்டில் பொருத்திய அனுபவத்தில் சொல்கிறேன். இந்த அறையில் கட்டில் போட முடியாது.'

எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

எழுபது சதுர அடிக்குக் குறைந்தால் அதைப் பெரியவர் ஒருவர் படுக்கும் அறையாகக் கொள்ளக் கூடாது என்பது எங்கள் வாதம். வழக்கெல்லாம் ஒரு மூலையில் இருந்தது. கீழிருந்து மாடிப்படி ஏறி வருகிறவர்களுக்குத் தலை இடிக்காமல் இருக்க, அறைக்குள் பெட்டிபோல எழும்பி நிற்கும் படிமேடை. முழங்காலுக்குச் சற்று மேல் உயரம். அதைச் சேர்த்து அளந்தால் எழுபத்துநாலு. விட்டு அளந்தால் அறுபத்தாறு.

நவம்பரில் நெவில் போனான். மனு போகவில்லை. என் பெயருக்கு மாறி வந்தது.

தோற்றால் அந்தப் பிடித்தத்தோடு என்னால் இங்கே காலம் தள்ள முடியாது. நகரின் மறுபக்கத்தில் ஓர் ஓரறை வீட்டைக் காட்டியிருந்தார்கள். நல்ல வீடுதான், புதுச் சமையலறை. வண்டியும் ஆளும் நாங்களே அனுப்புகிறோம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஓல்ட்ராய்ட் இஸ்திரிப் பலகையையும் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் சுற்றி ஒருக்களித்து நடந்தார். படிமேடைமேல் உட்கார்ந்து பார்த்தார். கையால் தட்டினார்.

"நல்ல ஆசாரியா ஒருத்தர் கெடச்சா, இதுமேல ஒரு பலகையப் போட்டு…"

என் கையிலிருந்த நாடா நழுவியது. அவர் பக்கம் சர்ரென்று சுருண்டு ஓடியது.

"முப்பத்தொரு வருஷம் கட்டில் போட்ட மனுஷன், முடியாதுன்னு கைப்பட எழுதி வச்சிருக்காரு தம்பி."

அவர் கோப்பைத் திறந்து நெவிலின் கையெழுத்தைப் பார்த்தார். படிமேடையிலிருந்து எழுந்தார்.

"ஒரு பூனை படுக்கலாம்மா. அதுவும் சுருண்டு படுத்தா." அறுபத்தாறு என்று எழுதினார். "இனிமே இதக் கேட்டு யாரும் வர மாட்டாங்க."

கோட்டை எடுக்க அவர் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு, இரண்டு கையாலும் மெதுவாகக் கழற்றிக் கொடுத்தேன். தேநீர் குடிக்கச் சொன்னேன். இன்னும் மூன்று வீடு பாக்கி என்றார்.

அவருடைய வண்டி தெருமுனை திரும்பும் வரை சன்னலோரம் நின்றேன்.

பிறகு பெட்டிகளை வெளியே நகர்த்தினேன். இஸ்திரிப் பலகையை மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்தேன்.

பித்தளைக் கொக்கியை ஒரு விரலால் மேலே தூக்கினேன்.

பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவரில் பாதி, சத்தமில்லாமல் சாய்ந்து இறங்கியது. கால்மாடு படிமேடைமேல் அச்சாகப் போய் உட்கார்ந்தது. மெத்தை. கம்பளி. நேற்று நான் மடித்துவைத்த இரவு உடை.

இருமல் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், நானாவது தூங்கட்டும் என்று ஒரு சனி ஞாயிறில் இந்த மடக்குக் கட்டிலைச் செய்துகொண்டான். ஏழு வருடம் இதில்தான் படுத்தான். கட்டில் இறங்கினால் மட்டும் கண்ணில் படும் பலகையில், தொழிற்சாலை வழக்கப்படி, பென்சிலால் பெயரின் முதலெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறான். வாங்குகிறவர் யாரும் பார்க்காத இடத்தில்தான் போட வேண்டுமாம்.

பெரிய அறையில் எங்கள் இருவர் கட்டில் விரித்தது விரித்தபடி இருக்கிறது. உபரி என்று எதையாவது சொல்வதானால் அதைச் சொல்லலாம்.

பகல் இரண்டு மணிதான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

இரண்டரை அடி அகலம், ஒரு ஆளுக்கென்று அளந்து செய்தது. நவம்பரிலிருந்து நான் சுவரோரமாக ஒதுங்கித்தான் படுக்கிறேன்.