கூவிக்கொண்டே ஓடிய ஷெல்

செண்பகா எழுதிய மென்பொருளில் பைத்தான் மொழி நிரலும், கணினிக்குக் கட்டளைகள் இடும் ஷெல் ஸ்கிரிப்டும் அடுத்தடுத்து இருந்தன. சோதனை நடக்கும்போதெல்லாம், எந்தெந்த வரி ஓடியது என்று கணக்கெடுக்கும் அளவுமானி வந்து, பைத்தானில் ஓடிய வரிகளுக்குப் பச்சை மை பூசும். ஷெல்லை எட்டிக்கூடப் பார்க்காது.

"என்னையும் அளந்து பாருங்கண்ணே," என்றது ஷெல்.

"உன் பாஷை எனக்குத் தெரியாதேப்பா."

"ஓடுற வரியோட எண்ணைக் கூவிக்கிட்டே ஓடறேன். கேட்டுக் குறிச்சுக்குங்க."

ஷெல் உற்சாகமாகக் கூவிக்கொண்டு ஓடியது. அளவுமானியும் மை பூசிக்கொண்டே வந்தது. முடிவில் பதினேழாம் வரி மட்டும் வெள்ளையாக நின்றது. அது எந்தச் சோதனையிலும் ஓடியதே இல்லை.

பைத்தான் அதைப் படித்துவிட்டு அலறியது. "ஐயோ, பழைய கோப்புகளை அழிக்கிற வரி! அதுங்க இருக்கிற இடத்துக்குப் பதிலா என்னோட முகவரியைப் போட்டிருக்கே! இது ஓடியிருந்தா நானே அழிஞ்சிருப்பேன்!"

செண்பகா அன்றே முகவரியைத் திருத்தி, அந்த வரிக்கும் ஒரு சோதனை எழுதினாள். மறுநாள் ஷெல், "பதினேழு!" என்று கூவியபோது முதலில் கைதட்டியது பைத்தான்தான்.