ஓடுகிற மாதிரி ஒரு படம்

ஒட்டிப் பிடிக்கிற ரப்பர் குமிழ்களை ஈரத்துணியால் துடைத்துக் காரின் கூரையில் வைத்து அழுத்தினாள்.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"அக்கா, அது கண்ணாடி தூக்கற சாமானுங். கேமராவைத் தாங்குமான்னு என்னைக் கேக்காதீங்" என்றான் சின்னராஜ். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறான். இரவல் கொடுத்த சாமானைத் தனியே அனுப்ப மனசில்லாமல் கூடவே வந்துவிட்டான்.

வந்தது நல்லதுதான். காரைத் தள்ள ஆள் வேண்டும்.

குமிழ்களிலிருந்து ஒரு நீளக் கம்பி. வீட்டில் முருங்கைக்காய் பறிக்கிற அலுமினியக் கம்பி. நுனியிலிருந்த கொக்கியைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டியிருந்தாள். காரின் வலப்பக்கம், பின்னால் தள்ளி, அது அந்தரத்தில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்டுடியோக்காரி. ஊரிலுள்ள கல்யாணக் கார் அத்தனையையும் எடுத்தவள். தன் வீட்டுக்காரர் கார் ஓட்டுகிற படம் மட்டும் ஒன்றுகூட அவளிடம் இல்லை.

எப்படி இருக்கும்? அவர் ஓட்டும்போதெல்லாம் இவள் பக்கத்து சீட்டில் அல்லவா இருந்தாள். "மெல்லப் போங்க, மெல்லப் போங்க" என்று அவர் உயிரை வாங்கிக்கொண்டு.

ஆடி மாதம் வாதம் வந்து விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின.

இப்போது தை. இத்தனை மாதத்தில் அவர் எதையும் கேட்டதில்லை. சோறுகூட. போட்டால் சாப்பிடுவார்.

போன வாரம் கேட்டார்.

"வண்டி ஓட்டற மாதிரி என்னைய ஒரு படம் எடுக்கறயா?"

சமையலறைக்குப் போய் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எடுக்கிறேன் என்றாள்.

அதற்கு வழி இருக்கிறது. எஞ்சினே வேண்டாம். ஓடினால் ஆட்டம் வரும், படம் கெடும். காரைக் கையால் தள்ளினால் போதும், ஆள் நடக்கிற வேகத்தில். கேமராவின் கண் மட்டும் சில நொடி திறந்தே இருக்க வேண்டும். கேமரா காரோடு சேர்ந்து வருவதால் கார் தெளிவாக விழும். ரோடும் மரமும் கோடு கோடாக இழுபடும். பார்க்கிறவன் நூறில் போகிறது என்பான். கம்பியை அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம்.

மனை பிரித்துக் கல் நட்டு, வீடு ஒன்றும் வராத லேஅவுட் ரோடு. லேசான இறக்கம். வெயில் சாய்ந்திருந்தது.

அவரைத் தாங்கிப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். பிரேக்குக்குப் பக்கத்தில். எங்கே வைத்தால் என்ன, அது பாட்டுக்குக் கிடக்கும்.

ஸ்டியரிங்கை இடது கையால் பிடித்துக்கொண்டார். நிறுத்து என்றால் அதே கையால் ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டும். அதுதான் பேச்சு.

இடப்பக்கம், கேமராவுக்குத் தெரியாமல் குனிந்து, முன்கதவருகே அவளும் பின்கதவருகே சின்னராஜும் தள்ளினார்கள்.

கார் நகர்ந்தது. கையிலிருந்த ரிமோட்டை அமுக்கினாள்.

"இதுக்கு மாட்டு வண்டியே தேவலை" என்றார்.

சிரித்துவிட்டாள். அவர் கேலி பேசி எத்தனை நாளாயிற்று. சிரிப்பில் கை ஆடி, கார் குலுங்கி, அந்தப் படம் போயிற்று.

காரைப் பின்னால் தள்ளிக் கொண்டுவந்து மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை விடுவதாயில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். இறக்கம் தொடங்கியதும் கார் தானாகவே ஓட ஆரம்பித்தது. ரிமோட்டை அமுக்கினாள்.

செருப்பின் வார் அறுந்தது.

விழுந்தாள். சேலை சுற்றிக்கொண்டது. எழ வரவில்லை. பின்சக்கரம் அவளைப் பார்த்து உருண்டு வந்தது.

"ஐயோ அக்கா!" சின்னராஜ் கதவுப் பிடியைப் பற்றி இழுத்தான். கார் அவனையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

நின்றது.

முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நல்லவேளை, ஹேண்ட்பிரேக்கை இழுத்தீங்க" என்றாள் ஜன்னல் வழியாக. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

கேமராவிடம் போனாள். படம் என்ன ஆயிற்றோ.

ரோடு இழுபட்டிருந்தது. மரங்கள் இழுபட்டிருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர், பழைய அவர், நூறில் போய்க்கொண்டிருந்தார்.

ஆனால் படம் பாழ். பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்து, சிவப்பு எங்கும் வழிந்திருந்தது.

சனியன், என்று நினைத்தாள்.

பிறகுதான் உறைத்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்விளக்கு எரியாது.

தலையைத் தூக்கிக் காரைப் பார்த்தாள்.

இன்னமும் எரிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஹேண்ட்பிரேக் தூக்காமலே கிடந்தது. இடது கை ஸ்டியரிங்கில். இடது கால் கிளட்ச்சுக்கு அந்தப் பக்கம், வைத்தது வைத்தபடி.

வலது கால், அவள் வைத்த இடத்தில் இல்லை.

எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லு மாதிரி இருக்கும். அந்தக் கல்லை அது அடிவரைக்கும் அமுக்கியிருந்தது. கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

குனிந்தாள். பழக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

"கையை எடு புள்ளை" என்றார். "எறக்கத்துல நிக்குது. வண்டி போயிரும்."