விம்மல் பெட்டி

அருமைநாதன் பழைய ரேடியோவின் உறுப்புகளைத் தகர டப்பாவுக்குள் பொருத்தி ஒரு வாத்தியம் செய்தார். தவளைபோலக் கத்தவும் குழந்தைபோலச் சிரிக்கவும் அதற்குத் தெரியும். ஆனால் முதல் சினிமாப் பாட்டில், கதாநாயகி பிரியும் இடத்துக்கு ஒரு விம்மல் கேட்டார்கள். பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அன்றிலிருந்து பெட்டிக்கு விம்முவதே வேலையாயிற்று. தாலாட்டுக்கும் விம்மல், தேர்தல் பாட்டுக்கும் விம்மல்.

"உனக்கு அலுக்கலையா தம்பி?" என்று ஒலிப்பதிவுக் கூடத்து மைக் ஒருநாள் கேட்டது.

"அலுத்து எத்தனையோ வருஷமாச்சு அண்ணே. ஒரு தடவை சிரிச்சுட்டாப் போதும்."

அன்று கல்யாணப் பாட்டு. விம்ம வேண்டிய இடத்தில் பெட்டி துணிந்து கலகலவென்று சிரித்தது.

இசையமைப்பாளர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். "என்ன சார், பெட்டி கெட்டுப்போச்சா? சீக்கிரம் சரிபண்ணுங்க."

அருமைநாதன் மூடியைக் கழற்றினார். உள்ளே எதுவும் கெடவில்லை என்பது பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு இருபது வருடமாகியிருந்தது. பெட்டி ஆசையோடு அவர் முகத்தையே பார்த்தது.

"கோவிச்சுக்காதே. நாளைக்கும் நம்மளைக் கூப்பிடணுமில்ல?" என்று முணுமுணுத்தவர், சிரிப்புக்குப் போகும் கம்பியை வெட்டிவிட்டு மூடியைப் பொருத்தினார்.

மறுபடி வாசித்தபோது பெட்டி விம்மியது.

"அடடா! இவ்வளவு நாள் வாசிச்சதிலேயே இதுதான் பிரமாதம்!" என்று இசையமைப்பாளர் எழுந்து நின்று கைதட்டினார்.