ஆனியில் உறங்கும் மலை

மலைப்பாதையின் புதுப் பேசும் இயந்திரக் கதவு பெள்ளனுக்குப் பணிவாக வணக்கம் சொல்லிவிட்டுத் திறக்க மறுத்தது. "ஆனியில் மலை உறங்குகிறது. தேன் எடுக்கக் கூடாது. சொன்னவர்: மரபறிவாளர் பெள்ளன்."

போன வருஷம், பல்லுயிரைக் காப்பாற்ற வந்த அறிஞர் கூட்டம், "ஆனி பிறந்தும் ஏன் தேனுக்குப் போகவில்லை?" என்று அவரைக் கேட்டது. தேனுக்காகப் பாறையில் தொங்குகிறவருக்குக் கயிறு பிடிப்பவன் எப்போதும் பெண்டாட்டியின் தம்பிதான். அக்காளை விதவையாக்க எவனுக்கு மனசு வரும்? ஆனால் அந்த மச்சான் கொக்கனோடு அப்போது பேச்சே இல்லை. வீட்டுச் சண்டையை வெளியாளிடம் சொல்வானேன் என்று, "மலை உறங்குது சார்" என்றார். அறிஞர்கள் கண் கலங்க எழுதிக்கொண்டு போய், இந்தக் கதவுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இப்போது சமாதானமாகி, கொக்கன் கயிற்றோடு பக்கத்தில் நிற்கிறான். மேகம் இறங்குகிறது. மழை பிடித்தால் வருஷத்துத் தேன் முழுக்கத் தேனீக்களுக்கே.

"அது சும்மா சொன்னதுப்பா. நான்தான் பெள்ளன், திற."

கதவு அவர் முகத்தை நிதானமாக ஆராய்ந்தது.

"பெரியவர் பெள்ளன் ஆனியில் மலையேற மாட்டார். நீங்கள் பெள்ளன் இல்லை."

முதல் தூறல் விழுந்தது. கொக்கன் கயிற்றைச் சுருட்டினான்.

"அன்னைக்கே என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கலாம், மச்சான்."