ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு

"அதை எடுத்துட்டு வர்றியா, இல்ல நானே மேல ஏறி வரட்டுமா?"

"வாங்க! வந்து என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போய் நெருப்புல போடுங்க!"

பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த திருமதி ப்ரூயிட், ஒரே போர்வையை மூன்றாவது முறையாக உதறினார். ஜன்னல் திறந்திருந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை.

1957. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் அந்த வாரம் பாதி வீடுகளில் இதே சண்டைதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்குப் பின்னால் தீ மூட்டப் போகிறார்கள். பிள்ளைகளைக் கெடுக்கிற ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுகளை எல்லோரும் கொண்டுவந்து அதில் போடவேண்டும். எந்த வீட்டில் எத்தனை இருக்கிறது என்று பட்டியல் எழுதுவது திருமதி ப்ரூயிட்டின் வேலை.

ஹார்லன் அந்த சர்ச்சின் டீக்கன், பாதிரியாருக்கு அடுத்த பொறுப்பு. அவர் மகள் லோரீனுக்குப் பதினாறு வயது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. அடுத்த தெருக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட காசில் அவளே வாங்கியது.

"அப்படி என்னதான் இருக்கு அதுல? வயித்துவலி வந்தவன் மாதிரி கத்துறான்!"

"ஒரு தடவையாவது முழுசா கேட்டிருக்கீங்களா? ரெண்டு வரி போறதுக்குள்ள வந்து கதவை இடிப்பீங்க!"

"கேட்டுத்தான் தெரியணுமா?"

"ஆமா!" லோரீனின் குரல் உடைந்தது. "இந்த ஊர்ல எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்காங்கப்பா. ஒரே தலைமுடி, ஒரே பாவாடை, ஒரே பேச்சு. அதைக் கேட்கும்போதுதான் என்னை மாதிரி இன்னொருத்தி எங்கேயோ இருக்கான்னு தோணுது."

அம்மா ஓபல் மாடிப்படியில் ஏறி வந்தாள்.

"கொடுத்துடு கண்ணு. அப்பா ஞாயித்துக்கிழமை சர்ச்ல தலை நிமிர்ந்து நிக்க வேண்டாமா?"

சனிக்கிழமை காலையில் அது சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது, பாடகன் படம் போட்ட உறையோடு. பக்கத்தில் லோரீன் இல்லை.

ஞாயிறு. ஒவ்வொருவராக வந்து தட்டை உருவி, முழங்காலில் வைத்து உடைத்துத் தீயில் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஹார்லனின் முறை வந்தது.

"வெளிய எடுத்து உடைங்க டீக்கன், எல்லாரும் பார்க்கட்டும்!" என்றார் திருமதி ப்ரூயிட்.

"அந்தக் கருமத்தை என் கை தொடாது" என்று உறையோடு விட்டெறிந்தார் ஹார்லன்.

பாடகனின் முகம் சுருண்டு கருகியது. மற்றவர்களைவிட அவருக்குக் கைதட்டல் அதிகம். புகை பட்டதோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார். லோரீன் அவரைப் பார்க்கவேயில்லை.

அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சு நின்றது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா வெஸ்ஸின் பாட்டு. கொரியப் போருக்குப் புறப்படும் முந்தின வாரம், நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து அவன் பாடிப் பதிந்த சர்ச் பாட்டு. அவன் திரும்பி வரவில்லை. ஹார்லனுக்குத் தம்பியின் குரல் இருந்தது அந்த ஒரு தட்டில் மட்டும்தான். மர ஆலை ரம்பத்துக்கு இரண்டு விரலைக் கொடுத்தவர் அவர். அதனால் ஊசி வைப்பது எப்போதும் லோரீன்.

"லோரீன், சித்தப்பா பாட்டைப் போடேன்."

"நீங்களே போட்டுக்குங்க. உங்க பாட்டைத்தான் யாரும் எரிக்கலையே!"

"நான் போடறேன் விடுங்க" என்று ஓபல் எழுந்தாள்.

"வேண்டாம். அவதான் போடணும்."

அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாவது ஞாயிறு. ஓபல் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஹார்லன் மாடிப்படியின் கீழே வந்து நின்றார்.

"ஒரே ஒரு தடவை போடும்மா. அப்புறம் ஜென்மத்துக்கும் உன்னைக் கேட்க மாட்டேன்."

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. லோரீன் இறங்கி வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே சித்தப்பாவின் பழுப்பு உறையிலிருந்து தட்டை உருவினாள். சுழலவிட்டாள். ஊசியை வைத்தாள்.

டமடமவென்று டிரம் அதிர்ந்தது. கிதார் துள்ளியது. அவளுடைய பாடகன் கத்தினான்.

லோரீன் அப்படியே நின்றாள். ஹார்லன் அதற்குள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"சத்தத்தைக் குறை, குறை! ப்ரூயிட் வாசல்ல உட்கார்ந்திருக்கா. உங்கம்மாகிட்டயும் மூச்சு விடாதே. அவகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"அப்பா... அப்படின்னா அன்னிக்கு எரிஞ்சது..." கையிலிருந்த பழுப்பு உறையைப் பார்த்தாள். "சித்தப்பாவா?"

ஹார்லன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் பாட்டு எனக்கு மனப்பாடம்மா. உன் பாட்டுதான் இன்னும் முழுசா கேட்டதில்ல. முதல்லேருந்து போடு."

(உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டு உண்டென்றால், அது எந்தப் பாட்டு என்று ஒரு வரி எழுதுங்கள்.)