மோட்டார் ஓடும்வரை

காலை வெயில் கழிவுநீர் பம்ப் ரூமின் கம்பிச் சன்னல் வழியே கோடுகோடாக விழுகிறது. போன வாரம் கழிவுநீர் சேரும் கிணற்றில் அடைப்பெடுக்க இறங்கி, விஷவாயு தாக்கி இறந்துபோன மேஸ்திரியின் மனைவி அவருடைய பொருள்களை எடுத்துப்போக வந்திருக்கிறாள். ஒரு சோப்பு டப்பா, பல் உடைந்த சீப்பு, இறங்குமுன் கழற்றி ஆணியில் மாட்டிய காக்கிச் சட்டை. மோட்டார் போடுகிறவனுக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் சட்டையை எடுத்து முகர்கிறாள். "வீட்டுக்கு வர்றப்பெல்லாம் சோப்பு வாசனைதாம்ப்பா வரும். இப்படி ஒரு நாத்தத்துல நிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்கிறாள். "தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பாரு அண்ணி. பிள்ளைங்க மடியில ஏறும்னு சொல்வாரு" என்கிறான் அவன். அவள் தலையாட்டுகிறாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லையென்று சொந்தமெல்லாம் பேசுகிறது.

ஊரே குளிக்கிற நேரம். கிணற்றில் தண்ணீர் நுரைத்து ஏறுகிறது. இன்னும் தாமதித்தால் தெருவில் வழியும். "மோட்டார் போடணும் அண்ணி. காது அடைக்கும்." "போடுப்பா." பொத்தானை அழுத்துகிறான். தரை அதிர, அறையே உறுமுகிறது. அந்தச் சத்தத்துக்குள் அவள் சட்டையில் முகம் புதைத்து வாய்விட்டுக் கதறுகிறாள். தோள்கள் குலுங்குவது மட்டும்தான் தெரிகிறது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். கிணறு வற்றிவிடுகிறது. குழாய் காற்றை இழுத்து இருமுகிறது. தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் கருகினால் அவன் வேலைக்கே உலை. கை சுவிட்சின் மேல்தான் இருக்கிறது. அவன் நிறுத்தவில்லை.